முதுமேல்நிலையில் தோற்றவர்

கடப்பாக்கத்து மீன்காரி பாப்பாவுக்கு மிச்சம் இருந்தது ஒரே கண். இன்னொன்றை, ஊர் ஊராகப் போய்ப் புரை எடுக்கிற ஒருவன் சந்தையில் உட்காரவைத்து ஊசியால் குத்தி, "நாளைக்குப் பாரு, ஜம்முனு தெரியும்" என்று சொல்லிவிட்டு அன்றைக்கே வேறு ஊருக்குப் போய்விட்டான். மிச்சமிருந்த கண்ணிலும் புரை விழுந்தபோது பாப்பா சந்தைப் பக்கமே போகவில்லை. நேராகப் பஸ் ஏறிச் செங்கல்பட்டுக்கு வந்து, கண் டாக்டர் ஜெயினுலாபுதீன் எதிரே உட்கார்ந்தாள். கூட அவள் புருஷன் ஏசுபாதம்.

டாக்டர் ஜெயினுலாபுதீனும் கடப்பாக்கம்தான். சாதாரணப் புரையென்றால் எடுத்துவிட்டு மத்தியானச் சாப்பாட்டுக்கு வீட்டுக்குப் போய்விடுவார். பாப்பாவின் கண் அப்படிப்பட்டதில்லை. என்றைக்கோ வலைக்கட்டை பட்ட அடியில், புரையும் அதை ஒட்டிய சதையும் ஒன்றோடொன்று பிசின் போல ஒட்டிக் கிடந்தன. அதை இழை இழையாகப் பிரிக்க வேண்டும். நெற்றியில் மாட்டிக்கொள்ளும் பூதக்கண்ணாடிக்கு அந்த இழைகள் தெரியாது. மதராஸில் நடந்த ஒரு மாநாட்டில், கண் ஆபரேஷனுக்கென்றே செய்த மைக்ராஸ்கோப் ஒன்றை அவர் தூரத்தில் நின்று பார்த்திருந்தார். அதனால் முடியும். ஆனால் அது அவரிடம் இல்லை. இருந்தாலும் பிடிக்கத் தெரியாது.

"பாப்பாக்கா, உள்ளதைச் சொல்லிடறேன். இந்தக் கண்ணை என்னால தொட முடியாது. எனக்கு இந்த வேலை தெரியாது" என்றார்.

பாப்பா யோசிக்கவேயில்லை. "தெரியலன்னா கத்துகினு வா. நான் எங்க ஓடிப் போயிடப் போறேன்? போன்னாலும் வழி தெரியாது."

சுவரைத் தடவிக்கொண்டு வெளியே போனாள். ஏசுபாதம் மட்டும் கதவருகே தயங்கி நின்று, "டாக்டரு, அவளுக்கு இன்னும் வெளிச்சம் இருட்டு தெரியுது. அதுகூடப் போறதுக்குள்ள கத்துகினு வந்துடு" என்று சொல்லிவிட்டுப் போனான்.

அந்த வருஷம்தான் மாமல்லபுரத்தில் 'அகில இந்திய உயர்நிலைக் கண் மருத்துவ முதுமேல்நிலைப் பயிற்சிக் கழகம்' தொடங்கப்பட்டு, ஜெர்மனியிலிருந்து ஆபரேஷன் மைக்ராஸ்கோப் வந்து இறங்கியிருப்பதாகச் சுற்றறிக்கை வந்தது. பட்டமேற்படிப்பு முடித்துப் பணியில் இருக்கும் கண் மருத்துவர்கள் விண்ணப்பிக்கலாம். ஜெயினுலாபுதீன் அன்றைக்கே விண்ணப்பித்தார். அவர் மனைவி சுராயா பெட்டியில் சட்டைகளை அடுக்கியபடி, "இத்தனை படிச்சதுக்கு மேலயும் படிப்பு இருக்கா?" என்று கேட்டாள். "இருக்குன்னுதான் போட்டிருக்காங்க" என்றார் அவர்.

திருக்கழுக்குன்றம் வழியாகப் போகும் பஸ் அவரைக் கழகத்து வாசலிலேயே இறக்கிவிட்டது. கழகம் ஒரு பழைய கடற்கரை விடுதியில் இருந்தது. பெயர் நீளமாக இருந்ததால் பலகை முன்சுவரில் தொடங்கி மூலை திரும்பிப் பக்கச்சுவரில் முடிந்தது. எழுத்துகள் பொடிசு. கண்ணாடி போட்டவர்களும் கிட்டே போய்த்தான் படிக்க முடிந்தது. அதன் கீழே பெரிய எழுத்தில், சிவப்பு மையில், இன்னொரு பலகை: 'உள்ளே பயிற்சி நடைபெறுகிறது. கண் நோயாளிகள் வரக்கூடாது.'

இயக்குநர் டாக்டர் பார்த்தசாரதி வரவேற்புரை ஆற்றினார். பட்டு அங்கவஸ்திரமும் தங்க பிரேம் கண்ணாடியும் அணிந்து கடலைப் பார்த்தபடி பேசினார்.

"இளநிலை மருத்துவருக்குக் கண் எங்கே இருக்கிறது என்று தெரியும். முதுநிலை மருத்துவருக்கு அதை எப்படி அறுப்பது என்று தெரியும். முதுமேல்நிலை என்பது அதையெல்லாம் கடந்த நிலை. அந்த நிலையை எட்டியவருக்கு அறுக்க வேண்டிய அவசியமே இருக்காது. பெருமையோடு சொல்கிறேன். சோதனை முறையில் முன்னதாக நாம் பயிற்சி கொடுத்து அனுப்பியவர்களில் ஒருவர்கூட, அதன் பிறகு, ஒரு அறுவையில்கூடத் தோற்றதில்லை."

எல்லாரும் கைதட்டினார்கள். ஜெயினுலாபுதீன் எழுந்து, "எத்தனை அறுவை செய்தார்கள், ஐயா?" என்று கேட்டார். அறிந்துகொள்ளும் ஆசையில்தான் கேட்டார்.

"அது வேறு புள்ளிவிவரம்" என்றார் இயக்குநர்.

ஒவ்வொரு நாளும் காலையில் குத்துவிளக்கு ஏற்றுவார்கள். அன்றைய பயிற்சியின் தொடக்க விழா அது. கடற்காற்றில் விளக்கு அணைந்துவிடும். அணைந்த விளக்கோடு தொடங்குவது அபசகுனம் என்பதால் மறுபடி ஏற்றுவார்கள். கடைசியில் விளக்கை மறைத்து நிற்பதற்கென்று பயிற்சி மருத்துவர்களை வட்டமாக நிறுத்தினார்கள். உயரமானவர்களுக்குக் கிழக்குப் பக்கம். முதல் மாதம் முடிகையில் காற்றுக்கு எதிராக எப்படி நிற்பது என்பதில் எல்லாரும் நல்ல தேர்ச்சி பெற்றிருந்தார்கள்.

பாடங்களும் நடந்தன. கையுறை பற்றி ஒரு வாரம். கையுறையின் வரலாறு, கையுறையின் நெறி, கையுறையும் இந்தியப் பண்பாடும். கையுறை வரவில்லை. டெண்டர் நிலுவையில் இருந்தது. எனவே கையுறையை அணிவதாகப் பாவித்து விரல்களை ஒவ்வொன்றாக நீட்டிக் காட்டினார்கள். ஆட்டுக்கண்ணில் ஆபரேஷன் பழகுவது என்று பாடத்திட்டத்தில் ஒரு பகுதி இருந்தது. ஆட்டுக்கண்ணுக்கும் டெண்டர். வெள்ளாடா செம்மறியா என்று தலைமை அலுவலகம் விளக்கம் கேட்டிருந்தது. 'பேச்சைக் குறை, உழைப்பைப் பெருக்கு' என்று நாடெங்கும் எழுதிப் போட்டிருந்த காலம் அது. அந்த வாசகத்தின் உட்பொருளை விளக்கி இயக்குநர் ஒரு நாள் பேச ஆரம்பித்து, சோறும் சாம்பாரும் ஆறிப் போகும்வரை பேசினார்.

மைக்ராஸ்கோப் இருந்தது. அது ஒரு அறையில், வெள்ளைத் துணி போர்த்தி, நின்றது. அறைக் கதவின் குறுக்கே சிவப்பு ரிப்பன் கட்டியிருந்தது. மந்திரி வந்து ரிப்பனை வெட்டித் திறந்து வைக்க வேண்டும். அதுவரை யாரும் உள்ளே போகக்கூடாது.

ஜெயினுலாபுதீன் இயக்குநரின் அறைக்குப் போனார். "ஐயா, நீங்கள் அந்த மைக்ராஸ்கோப்பைப் பயன்படுத்தியிருக்கிறீர்களா?"

"பார்த்திருக்கிறேன்."

"அதன் வழியாகவா?"

"அதை" என்றார் இயக்குநர்.

ஜெயினுலாபுதீன் பாப்பாவின் கண்ணைப் பற்றிச் சொன்னார். ஒரே கண் என்றார். வெளிச்சம் தெரிவதும் போய்விட்டால் பிறகு எந்தக் கருவியாலும் பயனில்லை என்றார். இயக்குநர் பொறுமையாகக் கேட்டார்.

"உங்கள் மனநிலை எனக்குப் புரிகிறது. நானும் ஒரு காலத்தில் முதுநிலையில் இருந்தவன்தான். கண்ணைப் பற்றி முழுமையாகக் கற்பதற்குப் பெரிய தடை எது தெரியுமா? கண். அது சிவந்துபோகும், நீர் வடியும், உடைமையாளர் பேசுவார். அதனால்தான் நோயாளிகளை வாசலிலேயே நிறுத்தியிருக்கிறோம். திறப்பு விழா முடியட்டும். அதன் பிறகு நீங்கள் யாருக்கு வேண்டுமானாலும் செய்துகொள்ளுங்கள்."

மந்திரி ஐப்பசியில் வருவதாக இருந்தது. மழையில் வரவில்லை. கார்த்திகையில் வருவதாகச் சொல்லி, வாழைமரம் கட்டி, நாதசுரமும் வைத்தார்கள். வேறெங்கோ பாலம் திறக்கப் போய்விட்டார். கடற்காற்றில் வாழைமரம் கருகியது. கத்தி, இடுக்கி எல்லாவற்றிலும் துரு ஏறியது. துருவை ஆராய ஒரு குழு போட்டார்கள். துரு இயற்கையானது என்று குழு ஒருமனதாகக் கண்டுபிடித்தது.

கழகத்தில் நர்ஸ் ஒருத்தி இருந்தாள். பெயர் ஜெசிந்தா. மிஷன் ஆஸ்பத்திரி ஒன்றில், இதே மாதிரி மைக்ராஸ்கோப்பை வைத்து ஆபரேஷன் செய்த ஒரு வெளிநாட்டு டாக்டருக்குக் கையாளாக நின்றவள். நோயாளி இல்லாத இடத்தில் நர்ஸுக்கு என்ன வேலை? மாலைக்குச் சாமந்தியா ரோஜாவா என்று முடிவு செய்வதுதான் வேலை. ஒரு மத்தியானம், 'கழகத்தின் கடந்தகாலமும் எதிர்காலமும்' என்ற வகுப்புக்குப் போகாமல் ரிப்பன் எதிரே நின்றுகொண்டிருந்த ஜெயினுலாபுதீனைப் பார்த்து அவள் கேட்டாள்.

"இன்னா டாக்டர், தினம் வந்து இத்த பாத்துகினே நிக்கிறீங்க?"

"உள்ளே போகக்கூடாதே, சிஸ்டர்."

"இந்தக் கதவு வழியாதான் கூடாது. பின்னால பெருக்கறவங்க வர்ற கதவு ஒண்ணு கீதே. அதுல யாரும் ரிப்பன் கட்டலயே."

ஜெயினுலாபுதீனுக்கு முதலில் பயமாகத்தான் இருந்தது. சர்க்கார் சம்பளம் வாங்குகிற மனிதர். ஆனால் ஏசுபாதம் கதவருகே தயங்கி நின்றது ஞாபகம் வந்தது. சுற்றிக்கொண்டு பின்பக்கம் போனார்.

மறுநாளிலிருந்து அவருக்குப் படிப்பு ஆரம்பமானது. தேரடிப் பக்கம் கறிக்கடை வைத்திருந்த சௌகத் அலி, டாக்டர் ஆட்டுக்கண் கேட்டதும், "பாய், கறி வேணாமா? கண்ணு மட்டுமா?" என்று சந்தேகமாகப் பார்த்தான். பிறகு தினமும் வாழை இலையில் கட்டிக் கொடுத்தான். வெள்ளாடா செம்மறியா என்று அவர் கேட்கவில்லை. மற்றவர்கள் மத்தியான வகுப்பில் உட்கார்ந்தபடி தூங்கும் நேரத்தில், அவர் வெள்ளைத் துணியை விலக்கி, விளக்கைப் போட்டு, மேலிருந்து குனிந்து பார்ப்பார். முதல் நாள் தன் கண் இமை மயிரைத்தான் பார்த்தார். இரண்டு கையும் எங்கே இருக்கின்றன என்றே புரியவில்லை. இலேசாக அசைத்தால் கத்தி எங்கோ பறந்தது.

"கையப் பாக்காதீங்க டாக்டர். கண்ணு உள்ள இருக்கணும், கை தானா வரும். அந்த வெள்ளக்கார டாக்டரும் மொதல்ல இப்டித்தான் தடுமாறினாரு. கெட்ட வார்த்தைகூட சொல்வாரு" என்றாள் ஜெசிந்தா.

"நானும் சொல்லலாமா?"

"மெதுவா சொல்லுங்க. பக்கத்துலதான் வகுப்பு நடக்குது."

நாள்கள் போகப் போகக் கை பழகியது. தலைமயிரைவிட மெல்லிய நூலைக் கோக்க முடிந்தது. ஒட்டிக்கிடக்கும் ஒரு படலத்தை இன்னொன்றிலிருந்து, கிழியாமல், பொறுமையாகப் பிரிக்க முடிந்தது. முதல் தடவை அது முழுசாகப் பிரிந்து வந்தபோது அவர் நிமிர்ந்து ஜெசிந்தாவைப் பார்த்தார். பக்கத்து அறையில் கழகத்தின் எதிர்காலத்துக்குக் கைதட்டல் கேட்டது.

வகுப்புக்கு வராததால் அவருக்கு மதிப்பெண் குறைந்துகொண்டே போனது. கழகத்தின் நிர்வாக அதிகாரி ராஜாராம் கூப்பிட்டு எச்சரித்தார். சட்டைப் பையில் மூன்று நிறத்தில் பேனா வைத்திருக்கும் மனிதர். "டாக்டர், மத்தியானத்தில் எங்கே போகிறீர்கள்?"

"படிக்கப் போகிறேன், சார்."

"பயிற்சிக் காலத்தில் படிக்கக்கூடாது. அது பயிற்சியை அவமதிப்பது" என்றார் ராஜாராம்.

தை பாதியில் மந்திரி சபையே கலைக்கப்பட்டது. நாட்டில் பலருக்குப் பல கவலை. கழகத்துக்கு ஒரே கவலை, ரிப்பன். மந்திரி இல்லாத மாநிலத்தில் அதை யார் வெட்டுவது? டில்லியிலிருந்து வந்திருந்த ஓர் உயர் அதிகாரியைப் பிடித்தார்கள். அவர் கடற்கரைக் கோயிலைப் பார்ப்பதற்கும் ஓட்டலில் சாப்பிடுவதற்கும் நடுவில் அரைமணி நேரம் தருவதாக ஒப்புக்கொண்டார்.

அரைமணியில் ஆபரேஷன் செய்துகாட்ட முடியாது. செய்யத் தெரிந்தவர்களும் இல்லை. இயக்குநரும் ராஜாராமும் கதவைச் சாத்திக்கொண்டு ஆலோசித்தார்கள்.

ஜெயினுலாபுதீன் அந்த நாளுக்காகத்தான் காத்திருந்தார். திறப்பு விழா முடியட்டும் என்று இயக்குநர் தன் வாயால் சொல்லியிருக்கிறார். எனவே பாப்பாவுக்குச் சொல்லி அனுப்பியிருந்தார். விழா அன்று காலையில் அவளும் ஏசுபாதமும் வந்து, நோயாளிகள் வரக்கூடாது என்ற பலகையின் நிழலில் உட்கார்ந்திருந்தார்கள். அவளால் அதைப் படிக்க முடியாது. ஏசுபாதத்துக்குப் படிக்கத் தெரியாது.

ராஜாராம் வெளியே வந்து பாப்பாவைப் பார்த்தார். கந்தல் புடவை, வெளுத்த விழி, துழாவும் கை. அவர் முகம் மலர்ந்தது. "அம்மா, உள்ளே வாங்க" என்றார். கழகத்தின் சரித்திரத்தில் ஒரு நோயாளியை உள்ளே கூப்பிட்டது அதுதான் முதல் தடவை.

ஜெயினுலாபுதீன் விளக்கைச் சுற்றி நிற்கும் வேலையை முடித்துக்கொண்டு வந்து பார்த்தபோது, பாப்பா மேடையில் நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். இரண்டு கண்ணிலும் பெரிய வெள்ளைக் கட்டு. இயக்குநரிடம் ஓடினார்.

"ஐயா, இந்த அம்மாவை என்ன செய்தீர்கள்?"

"ஒன்றுமே செய்யவில்லை. கட்டு மட்டும்தான் போட்டிருக்கிறோம். டில்லி அதிகாரி வந்ததும் கட்டைப் பிரிப்பார்."

"ஆபரேஷனே நடக்கவில்லையே!"

"கட்டுப் பிரிக்கும் விழாவுக்கு ஆபரேஷன் எதற்கு? கட்டு இருந்தால் போதாதா?" என்றார் இயக்குநர். அவர் குரலில் கோபமில்லை. எளிய விஷயத்தைப் புரிந்துகொள்ளாதவரைக் கண்ட வருத்தம்தான் இருந்தது.

ஜெயினுலாபுதீன் பாப்பாவிடம் குனிந்து, "பாப்பாக்கா, பயப்படாதே. இது சும்மா" என்றார்.

"நீயா டாக்டரு? இன்னாது இது, வந்ததும் வராததுமா மூஞ்சியச் சுத்திட்டானுங்க? இருந்த வெளிச்சமும் போச்சு."

அதிகாரி வந்தார். ரிப்பனை வெட்டினார். துருப்பிடித்த கத்தரி வெட்டாமல் அடம்பிடித்ததால் கடைசியில் இழுத்து அறுத்தார். பிறகு மேடையேறி, ராஜாராம் நீட்டிய வெள்ளித் தட்டில் கட்டுத்துணியைச் சுற்றிச் சுற்றி எடுத்து வைத்தார். நாதசுரக்காரர்கள் கெட்டிமேளம் வாசித்தார்கள். இயக்குநர் மைக்கைப் பாப்பாவின் வாய்க்கு நேரே பிடித்தார்.

"சொல்லுங்கள் அம்மா. என்ன தெரிகிறது?"

பாப்பா தலையை அப்படியும் இப்படியும் திருப்பினாள். "ஒண்ணும் தெரியல" என்றாள். ஒலிபெருக்கி அதைக் கடல்வரை கொண்டுபோனது. "முன்ன எப்டி கீந்துச்சோ அப்டியேதான் கீது."

பந்தலில் சத்தம் அடங்கியது. கெட்டிமேளக்காரர்கூட நிறுத்திவிட்டார். ஜெயினுலாபுதீன் கண்ணை மூடிக்கொண்டார்.

இயக்குநர் மைக்கைத் தன் பக்கம் திருப்பினார். "கேட்டீர்கள் அல்லவா? முன்பு எப்படி இருந்ததோ அப்படியே இருக்கிறது என்கிறார். ஆபரேஷன் செய்துகொண்டவர்களில் எத்தனை பேருக்குக் கண் கெட்டுப்போகிறது! இந்த அம்மையாருக்கு இருந்தது எதுவும் குறையவில்லை. எமது முறையின் வெற்றி இதுவே. சேதம் முற்றிலும் இல்லை."

பலத்த கைதட்டல். அதிகாரி பாப்பாவின் கழுத்தில் ஒரு ரோஜா மாலையைப் போட்டுவிட்டு ஓட்டலுக்குப் புறப்பட்டார்.

அடுத்தது குழுப் புகைப்படம். கழகத்தின் விதிப்படி அதுதான் இறுதித் தேர்வு. பயிற்சி பெற்றதற்கு வேறு அத்தாட்சி எதுவும் இல்லாததால், படத்தில் இருப்பவர்களுக்கு மட்டுமே சான்றிதழ் என்று முன்பே தீர்மானம் போட்டிருந்தார்கள். கடற்கரைக் கோயில் பின்னணியில் விழ வேண்டும், இயக்குநரின் அங்கவஸ்திரம் காற்றில் பறக்காமலும் இருக்க வேண்டும். எனவே படம் எடுக்க அரைநாள் ஆகும். எல்லாரும் வரிசையாகக் கடற்கரைக்குப் போனார்கள்.

"ஜெயினுலாபுதீன், வாருங்கள்" என்று கூப்பிட்டார் ராஜாராம்.

"திறப்பு விழா முடிந்துவிட்டதல்லவா, சார்?"

"இனிதே முடிந்தது."

"அப்படியென்றால் நான் வரவில்லை" என்றார் ஜெயினுலாபுதீன்.

இந்தமுறை முன்கதவு வழியாகவே போனார். ஜெசிந்தா கருவிகளைக் கொதிக்கவைத்துத் தயாராக இருந்தாள். துருப்பிடிக்காத இடுக்கிகளை அவள் தன் டிரங்குப் பெட்டியில் பத்திரமாக வைத்திருந்தது அப்போதுதான் அவருக்குத் தெரிந்தது. பாப்பாவின் மாலையைக் கழற்றி, மேசையில் படுக்கவைத்தார்கள். ஏசுபாதம் வெளியே சுவரோரம் நின்று தேவமாதாவைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தான்.

"டாக்டரு, இப்பவாவது நெசமா செய்யப் போறியா, இதுவும் கொட்டுமேளமா?"

"நெசமாத்தான்க்கா. பேசாம படு. தலைய ஆட்டாத."

"கத்துகினியா?"

"கத்துகினேன். ஆனா ஆட்டுக்குத்தான் செஞ்சிருக்கேன்."

"ஆடு இன்னா சொல்லிச்சி?"

"ஒண்ணும் சொல்லல."

"நானும் ஒண்ணும் சொல்லமாட்டேன், செய்யி" என்றாள் பாப்பா.

மரத்துப்போக ஊசி போட்டார். குனிந்தார். ஆட்டுக்கண்ணில் இல்லாத ஒன்று இதில் இருந்தது. அது உயிரோடு மினுங்கியது. கை ஒரு கணம் அசையவே மறுத்தது. ஜெசிந்தா, அவர் கேட்காத இடுக்கியை அவர் உள்ளங்கையில் வைத்தாள். அதற்குப் பிறகு அவர் கையைப் பற்றி நினைக்கவில்லை. ஒட்டிக் கிடந்த இழைகள் ஒவ்வொன்றாகத் தெரிந்தன. ஒவ்வொன்றாக விட்டன. ஒரு இழை மட்டும் பிடிவாதமாக நின்றது. அதை இழுக்காமல், காத்திருந்து, பக்கவாட்டில் போய், விடுவித்தார். பழுப்பேறிய புரை முழுசாக வெளியே வந்தபோது, கடற்கரையில் புகைப்படக்காரர், "எல்லாரும் சிரிங்க" என்று கத்துவது காற்றில் கேட்டது.

பாப்பாவை ஜெசிந்தாவின் அறையில் படுக்கவைத்தார்கள். மறுநாள் காலையில் கட்டைப் பிரித்தார்கள். மேளமில்லை, வெள்ளித் தட்டில்லை. ஜெயினுலாபுதீன் கனமான கண்ணாடிவில்லை ஒன்றை அவள் கண்ணுக்கு முன் பிடித்தார். பாப்பா வெகுநேரம் அவரையே பார்த்தாள்.

"இன்னா டாக்டரு, இம்மாம் நாளா இந்த மூஞ்சிய நம்பிக்கினா இருந்தேன்?" என்றாள்.

ஜெசிந்தா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். பாப்பா ஏசுபாதத்தின் பக்கம் திரும்பினாள். அவன் அவளைப் பார்க்க முடியாமல் தரையைப் பார்த்தான். "உனக்கு எப்ப இப்டி நரச்சிது?" என்று கேட்டாள். அதைக் கேட்டபோது அவள் குரல் மாறிவிட்டது. ஜெயினுலாபுதீன் வில்லையைப் பிடித்த கையை எடுக்காமல் முகத்தை மட்டும் வேறு பக்கம் திருப்பிக்கொண்டார்.

விசாரணை அன்று மத்தியானமே நடந்தது. இயக்குநர் எதிரே குழுப் புகைப்படம் கழுவி ஈரத்தோடு கிடந்தது.

"இதைப் பாருங்கள், டாக்டர் ஜெயினுலாபுதீன். இரண்டாம் வரிசையில் ஓர் இடைவெளி. நீங்கள் நிற்க வேண்டிய இடத்தில் கோயில் தெரிகிறது."

"ஐயா, நான் ஆபரேஷன் செய்துகொண்டிருந்தேன். பார்வை வந்துவிட்டது."

"அது எப்படி வரும்?" என்று ராஜாராம் குறுக்கிட்டார். "கழகத்தில் நோயாளிகளுக்கு அனுமதி இல்லை. நோயாளி இல்லாத இடத்தில் ஆபரேஷன் நடந்திருக்க முடியாது. எனவே நடக்கவில்லை."

கதவருகே நின்ற பாப்பா இதைக் கேட்டுக்கொண்டிருந்தாள். "அப்ப உம் பையில மூணு கலர்ல பேனா கீதே, அத்த நான் பாக்கறது இன்னா?"

ராஜாராம் பையைப் பொத்திக்கொண்டார். "அது உங்கள் சொந்த விஷயம், அம்மா. கழகத்துக்கு அதில் சம்பந்தமில்லை."

இயக்குநர் தீர்ப்புச் சொன்னார். "உங்களுக்கு ஆர்வம் இருக்கிறது. ஆனால் நீங்கள் இன்னும் கண்ணிலேயே நின்றுகொண்டிருக்கிறீர்கள், அதைத் தாண்டி வரவில்லை. வருத்தத்தோடு சொல்கிறேன், நீங்கள் தேர்ச்சி பெறவில்லை. படத்தில் இருப்பவர்கள் அனைவரும் இன்றுமுதல் மைக்ராஸ்கோப் நிபுணர்கள். அவர்கள் பணிபுரியும் இடங்களில் மைக்ராஸ்கோப் கிடையாது என்பதால் எந்த ஆபத்தும் இல்லை. தோற்றவர் விதிப்படி அடுத்த ஆண்டும் இங்கே வந்து, முழுச் சம்பளத்தோடு, முழுப் பயிற்சியையும் மறுபடி பெற்றே ஆகவேண்டும்."

ஜெயினுலாபுதீன் தலையைக் குனிந்தார். அவமானம் தாங்காமல் குனிந்தார் என்று ராஜாராம் நினைத்தார். உண்மையில் அவர் முகத்தில் வந்ததை மறைப்பதற்கு வேறு வழியில்லை.

அடுத்த ஆண்டு புது மருத்துவர்கள் வந்தார்கள். மைக்ராஸ்கோப் அறைக்குப் புது ரிப்பன் கட்டியிருந்தார்கள். ஒவ்வோர் ஆண்டுக் குழுவுக்கும் புதிதாகத் திறந்து வைப்பதே முறை என்று தீர்மானமாகியிருந்தது. மத்தியான வகுப்புகளில் ஜெயினுலாபுதீனைக் காணோம். குழுப் புகைப்படத்து அன்று, செய்யூர்க்காரர் ஒருவரும் சதுரங்கப்பட்டினத்துப் பெண் ஒருத்தியும் பலகையின் நிழலில் வந்து உட்கார்ந்திருந்தார்கள். அந்த ஆண்டும் இரண்டாம் வரிசையில் கோயில் தெரிந்தது.

அதற்கடுத்த ஆண்டு இயக்குநர் வரவேற்புரையில் அவரை எழுந்து நிற்கச் சொன்னார். "இவரைப் பாருங்கள். இந்தக் கழகத்தின் மிகப் பலவீனமான மாணவர். மீண்டும் மீண்டும் தோற்கிறார். ஆனாலும் மனம் தளராமல் வருகிறார். இவரைக் கைவிட மாட்டோம்." புதிதாக வந்தவர்கள் அவரை இரக்கத்தோடு பார்த்தார்கள். ஒருவர் எழுந்து தன் குறிப்புகளைக் கொடுத்து உதவுவதாகச் சொன்னார். ஜெயினுலாபுதீன் நன்றி சொல்லி வாங்கிக்கொண்டார்.

அந்தப் பொங்கலுக்கு விடுமுறையில் செங்கல்பட்டு வந்திருந்தபோது, சுராயா சோறு போட்டுக்கொண்டே கேட்டாள். "உங்களோட போனவங்கெல்லாம் என்னைக்கோ பாஸ் பண்ணிட்டாங்களாம். பக்கத்து வூட்டுக்காரங்க கேக்கறாங்க, எனக்கே என்னமோ மாதிரி கீது. இந்தத் தடவையாவது நல்லா படிச்சிப் பாஸ் பண்ணிடுவீங்களா?"

ஜெயினுலாபுதீன் வாசலைப் பார்த்தார். வெளியே பெஞ்சில், விழி வெளுத்த ஒரு கிழவரைப் பாப்பா கையைப் பிடித்து உட்காரவைத்துக்கொண்டிருந்தாள். அவருக்குப் பின்னால் இன்னும் சிலர் வெயிலுக்குத் துண்டைப் போட்டுக்கொண்டு நின்றார்கள்.

"முடியாது போலிருக்கு, சுராயா" என்றார். "இந்த வருஷம் கொஞ்சம் மோசமாவே தோக்க வேண்டியிருக்கும்."